முப்பத்தெட்டு பதில்கள்

1

நான் நல்ல ஆசிரியர் என்று ஊரிலிருந்து மூன்று முறை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தும், ஆசிரியர் பதிவு அலுவலகம் மூன்று முறையும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது மின்னஞ்சல் வந்தபோது பள்ளி மைதானத்தில் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு இடைவேளைக் காவலில் நின்றிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் பால்மர்ஸ்டன் நார்த்தில் மழை பெய்யாத நாட்களில் காற்று அடிக்கும். இரண்டும் சேர்ந்து வரும் நாளில்தான் பெரும்பாலும் எனக்குக் காவல் விழும்.

நாங்கள் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி மீனாவுக்கு நர்ஸ் வேலை. அவள் விசாவில் வாலாக ஒட்டிக்கொண்டு நானும் மகள் நிலாவும் வந்தோம். அதற்கு முன் பதினான்கு வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். தினமும் காட்டூரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் காந்தி மார்க்கெட் நெரிசலில் நீந்தி, காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எனக்கு லட்டு கொண்டுவந்து தருவார்கள். அப்படிப்பட்டவன் இங்கே மூன்று வருடம் உதவியாளனாகப் பென்சில் சீவிக் கொடுத்தேன், ஒரு வருடம் மறுபடி படித்தேன். அதன்பின் தற்காலிக அனுமதியில் ஆசிரியர் ஆனேன். தற்காலிகம் நிரந்தரமாக வேண்டுமானால் இரண்டு பேர் எழுதித் தர வேண்டும். ஒருவர், இங்கே என் வகுப்பைக் கவனித்து வழிகாட்டும் ஆசிரியர். இன்னொருவர், ஊரில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்.

ஊர் மேலதிகாரிக்கான படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் சிக்கல். இவரிடம் நீங்கள் கண்ட குறை என்ன, அதை எப்படிச் சொன்னீர்கள், அவர் எப்படித் திருத்திக்கொண்டார்?

அந்த மேலதிகாரி வைதேகி மேடம். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை, இன்றும் அங்கேதான் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது பெரியவர். முதல் கடிதத்தில் அவர் நான் நேரம் தவறாதவன், ஒழுக்கமானவன், தெய்வபக்தி உள்ளவன் என்று எழுதினார். குறை எங்கே என்று அலுவலகம் கேட்டது. இரண்டாவது கடிதத்தில், 'இவருடைய ஒரே குறை அளவுக்கு மீறி உழைப்பது' என்று எழுதினார். இது குறை ஆகாது, உதாரணத்துடன் எழுதவும் என்று பதில் வந்தது. மேடத்துக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது கடிதம் இரண்டே வரி: 'இவரிடம் குறை எதுவும் இல்லை. முன் கடிதத்தில் குறிப்பிட்ட குறையும் இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது.'

அன்றைக்கே போன் போட்டேன்.

"மேடம், ஒரே ஒரு குறை எழுதுங்க. சின்னதா."

"என்ன முரளி சார் பேசறேள்? ஒருத்தர் கடல் தாண்டிப் பொழைக்கப் போயிருக்கார். அவரைப் பத்திக் குறை எழுதி அனுப்பினா பெருமாளுக்கே அடுக்குமா?"

"எழுதலன்னாதான் மேடம் வேலை போயிடும்."

"அது என்ன ஊரோ, என்ன நியாயமோ. எனக்குக் கை வரல்லே."

2

இங்கே என் வழிகாட்டியின் பெயர் கேட்டி. வயது இருபத்தெட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள் இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இருந்திருப்பாள். மாதம் ஒருமுறை என் வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்து குறிப்பு எழுதுவாள். முடிந்ததும் நான் ஆவலாகப் போய், பாடம் நன்றாக இருந்ததா என்று கேட்பேன். "யா, நா" என்பாள் சிரித்த முகமாக.

இந்த ஊர் ஆங்கிலத்தில் 'யா' என்றால் ஆமாம், 'நா' என்றால் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எது கணக்கு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் வந்ததுதானே முக்கியம் என்று நினைத்து, ஒரு வருடம் நன்றி சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன். பிறகு நிலாதான் சொன்னாள்.

"அப்பா, ரெண்டாவதா வர்றதுதான் ஆன்சர். யா சும்மா மரியாதைக்கு."

"அப்போ ஒரு வருஷமா அவங்க இல்லன்னா சொல்லிட்டு இருந்தாங்க?"

"ஆமா."

அதற்குப் பிறகு கேட்டி எழுதித் தந்த குறிப்புகளை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நிலா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'வகுப்பு நேரம் முழுவதையும் நீங்களே நிரப்பிவிடுகிறீர்கள்' என்று ஒன்று. நான் அதை நேர மேலாண்மைக்குக் கிடைத்த பாராட்டு என்று மீனாவிடம் படித்துக் காட்டியிருந்தேன். 'அடுத்த முறை மாணவர்களின் குரலைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்' என்று இன்னொன்று. ஆவலாக இருக்கிறாளாம் என்று அதற்கும் பெருமைப்பட்டிருந்தேன்.

என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஸ்ரீரங்கத்தில் அதற்காகவே பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் பொறாமைப்படுவார்கள். கேட்டி முதல்முறை அந்த நிசப்தத்தைக் கண்டதும் என்னை வெளியே அழைத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது கெட்ட செய்தி வந்திருக்கிறதா என்று கவலையாக விசாரித்தாள்.

ஆறு வருடத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான். நம் ஊரில் ஆசிரியரின் குறையை வாயால் சொல்வார்கள், காகிதத்தில் ஏற்ற மாட்டார்கள். நான் பி.எட். படித்தபோது எடுத்த பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றுக்கும் என் வழிகாட்டி ஆசிரியர் ஒரே குறிப்பைத்தான் எழுதினார்: 'நன்று. கரும்பலகை எழுத்து அழகு. குரல் கேட்கிறது.' நேரில், "தம்பி, காள் காள்னு கத்தாதீங்க, தலை வலிக்குது" என்பார். இந்த ஊரில் நேர்மாறு. முகத்துக்கு நேரே சிரிப்பு, காகிதத்தில்தான் விஷயம். அதிலும் அதைப் படிக்க வீட்டில் பதினாலு வயதுப் பெண் ஒன்று வேண்டும்.

3

ஜூலையில் பள்ளி விடுமுறை. மீனாவின் தம்பிக்கு ஆனி மாதக் கடைசியில் கல்யாணம். மூவரும் காட்டூரில் போய் இறங்கினோம். கல்யாணம் முடிந்த மறுநாளே நான் ஸ்ரீரங்கம் போய், மேல உத்திர வீதியில் மேடம் வீட்டு வாசலில் நின்றேன்.

"வாங்கோ வாங்கோ. ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? நிலா வளர்ந்துட்டாளா?" என்று வரவேற்று, காபி கொடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "நானும் யோசிச்சுப் பாத்தேன் சார். நெஜமாவே உங்க குறை எதுவும் ஞாபகம் வரல்லே. ஆறு வருஷம் ஆச்சு. பொய்யா ஒண்ணு எழுத எனக்கு இஷ்டமில்லே."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"ஒரு காரியம் பண்ணுவோம். வர்ற சனிக்கிழமை எங்க டீச்சர்ஸுக்குப் பணியிடைப் பயிற்சி வெச்சிருக்கேன். மெட்ராஸ்லேர்ந்து வரேன்னவர் வரலேன்னுட்டார். நீங்க வந்து ஒன்றரை மணி நேரம் எடுங்கோ. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். குறை இருந்தா எழுதறேன். இல்லேன்னா உங்க அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

நான் அங்கே பயிற்சி பெறுகிறவன், பயிற்சி தருகிறவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் யார் கேக்கப் போறா?" என்றார்.

சனிக்கிழமை காலை நிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பேசும்போது படம் எடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அழைத்தேன். அப்பா ஒருகாலத்தில் எப்படி இருந்தார் என்று அவள் பார்க்கட்டும் என்பது உள்ளே இருந்த ஆசை. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. 'சர்வதேசக் கல்வி நிபுணர் வருகை.' அதில் இருந்த என் படத்தில் எனக்குத் தலை நிறைய முடி. நிலா பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கேட்டிக்கு இதை அனுப்பவா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

4

நாற்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சனிக்கிழமை விடுமுறையைப் பறித்தவனை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஜூலை வெயிலில் பொன்னாடையோடு நின்று நான் ஆரம்பித்தேன்.

மாணவர் மையக் கற்றல், குழு விவாதம், ஒட்டும் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது என்று அங்கே படித்ததை எல்லாம் எடுத்து விட்டேன். பழைய தெம்பு வந்துவிட்டது. தமிழில் பாடம் நடத்தி ஆறு வருடம். வார்த்தை தேட வேண்டியதில்லை, நான் சொன்ன இடத்தில் சிரித்தார்கள். கடைசி வரிசையில் மேடம் நோட்டில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. கருத்துகளைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து இன்னும் குரலை உயர்த்தினேன்.

"ஒரு குழந்தை ஏன் கேள்வி கேக்கறதில்ல? ஏன்னா பயம். அந்தப் பயத்தைப் போக்கறது யாரு? நாமதான். எப்படிப் போக்கறது? சொல்றேன்."

நடுவில் ஒரு கை உயர்ந்தது. பானுமதி டீச்சர். முசிறியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், நான் போன பிறகு என் இடத்துக்கு வந்தவர்.

"சார், நீங்க சொல்ற குரூப் டிஸ்கஷன்ல உங்க கிளாஸ்ல எத்தனை பேர் இருப்பாங்க?"

"இருபத்தாறு பேர்."

"எனக்கு அம்பத்தி நாலுங்க. ரெண்டு பேர் இறங்கினாதான் மூணாவது ஆள் பெஞ்சை விட்டு வெளிய வர முடியும். குரூப்பா எப்படிங்க திரும்பி உக்கார்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை அது, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நல்ல கேள்வி. இதுக்கு நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க?" என்றேன். அவர் யோசித்து வாயைத் திறந்தார். அதற்குள், "முன் பெஞ்ச் பின்னாடி திரும்பினா போதும். ரெண்டு பெஞ்ச் ஒரு குரூப்" என்று நானே சொல்லிவிட்டேன். டீச்சர் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். பெரிய கைதட்டல். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் மிகவும் ரசித்த இடம் அது.

முடிந்ததும் வடையும் டீயும் வந்தன. பானுமதி டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வடையைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு கிளம்பினார். "நல்லா பேசுனீங்க சார். போயிட்டு வரேன்" என்றார். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

5

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் நிலாவும் போய் உட்கார்ந்தோம். மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"குறை கெடைச்சுது சார்" என்றார். "படிக்கறேன், கேளுங்கோ."

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது: 'திரு. முரளி தொண்ணூறு நிமிடத்தில் நாற்பத்தொரு கேள்விகள் கேட்டார். அவற்றில் முப்பத்தெட்டுக்கு அவரே பதில் சொன்னார். மீதமுள்ள மூன்றில் ஒன்று மின்விசிறியைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் கேட்டது. ஒன்று குடிக்கத் தண்ணீர் கேட்டது. மூன்றாவது, தான் பேசுவது பின்னால் கேட்கிறதா என்பது. அதற்கு ஆசிரியர்கள் கேட்கிறது என்று பதிலளித்தார்கள்.'

மேடம் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கருத்துகள் எதுவும் இல்லை. ஐந்து ஐந்தாகக் கோடுகள்.

பக்கத்தில் மகள் இருக்கிறாள். சமாளிக்க வேண்டுமே என்று, "முப்பத்தெட்டைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா மேடம்? இருபது, இருபத்தஞ்சுன்னு?" என்றேன்.

"கணக்கு வாத்தியார் கேக்கற கேள்வியா இது?" என்றார். பிறகு, "இன்னும் இருக்கு" என்று மேலே படித்தார்.

'அவர் என்னிடம் பணிபுரிந்த பதினான்கு ஆண்டுகளிலும் இதே பழக்கம் இருந்தது என்பது இன்று எனக்கு நினைவுக்கு வந்தது. பலமுறை அவர் வகுப்பு வாசலில் நின்று கவனித்திருக்கிறேன். நான் பாராட்ட வந்து நிற்பதாக அவர் எண்ணிக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஆகவே, எப்படிச் சொன்னீர்கள் என்ற கேள்விக்கு என் பதில், நான் சொல்லவில்லை என்பதே. அது என்னுடைய குறை.'

மேடம் வாசலில் வந்து நிற்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவரைக் கண்டதும் நான் இன்னும் இரண்டு கணக்கு வேகமாகப் போட்டுக் காட்டுவேன்.

"ஏன் மேடம் அப்ப சொல்லல?"

"உங்க பசங்க எல்லாம் நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினா சார். ரிசல்ட்டைக் கையில வெச்சுண்டு நான் என்னன்னு சொல்றது? இன்னிக்குப் பானுமதி டீச்சர் வாயைத் திறந்துட்டு மூடிண்டா பாருங்கோ, அப்பதான் சுருக்னு பட்டுது. அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியணும்னு இருந்துது."

எனக்கும் அப்போதுதான் அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. அவர் பஸ் இந்நேரம் முசிறி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்.

மேடம் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "இதை அனுப்பினா அவா உங்களை வேண்டாம்னுடுவாளோன்னு பயமா இருக்கு. என் கை வரல்லே. உங்களுக்குச் சரின்னு பட்டா நீங்களே அனுப்புங்கோ. இல்லேன்னா அழிச்சுடுங்கோ."

அழித்துவிட்டு, கையெழுத்து சுமார் என்றோ கோபம் வரும் என்றோ நானே ஒரு குறை சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். அவர் எழுதிக் கொடுத்திருப்பார். பதிவு கிடைக்காவிட்டால் மறுபடி பென்சில் சீவ வேண்டியதுதான். நிலா என்னைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அனுப்பினேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காட்டூர் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"அப்பா, முப்பத்தெட்டு இல்ல. நான் கவுண்ட் பண்ணது முப்பத்தாறு."

"நீயுமா கவுண்ட் பண்ணே?"

"ஆன்ட்டி பக்கத்துலதான உக்காந்திருந்தேன். போர் அடிச்சுது." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஜோக் எல்லாம் நல்லா இருந்துச்சு. அங்க நீங்க இவ்ளோ ஜோக் சொல்றதே இல்ல" என்றாள்.

அந்த இரண்டை எனக்கு ஆதாயமாக விட்டுக்கொடுத்தாளா, இல்லை உண்மையிலேயே எண்ணத் தவறினாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை பானுமதி டீச்சரின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னார். "பெஞ்சைத் திருப்பறதெல்லாம் வேணாங்க சார். நான் பாதிப் பேரை வராண்டாவுக்கு அனுப்பிடுவேன். அங்க சுவத்துல கரிக்கட்டியில கணக்குப் போடுவாங்க. அப்புறம் உள்ள இருக்கறவங்க போய்த் திருத்திட்டு வருவாங்க. மேடத்துக்குத் தெரிஞ்சா சுவரைக் கெடுத்துட்டேன்னு திட்டுவாங்கன்னுதான் யோசிச்சேன்." என் யோசனையைவிட அது எவ்வளவோ மேல். திட்டு விழாமல் மேடத்திடம் நானே சொல்கிறேன் என்றேன்.

6

திரும்பி வந்து மூன்று வாரத்தில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேலதிகாரியின் சான்று போதுமானது, இனி வழிகாட்டி ஆசிரியரின் கடைசிக் கவனிப்பு மட்டும் பாக்கி என்று ஒரே வரி.

கேட்டி வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் ஆண்டு வகுப்பு, பின்னங்கள். பலகையில் இரண்டு பின்னங்களை எழுதி, இதில் எது பெரியது என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை இறுக்கிக்கொண்டேன். மனசுக்குள் தமிழில் எண்ணினேன். மூன்று வந்தபோது தொண்டை அரித்தது. ஐந்து வந்தபோது என் காலே என்னைக் கேட்காமல் பலகைப் பக்கம் நகர்ந்தது, பிடித்து நிறுத்தினேன். எட்டு. முன்வரிசைப் பையன், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். இல்லை, காத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பன்னிரண்டில், அந்த வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் பதில் சொன்னாள். தப்பான பதில். திருத்த வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒருத்தன் அது எப்படி என்று கேட்க, அவள் விளக்க, இன்னொருத்தி குறுக்கே பாய, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே தன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அன்று போட்ட கணக்கு மொத்தம் இரண்டு. ஸ்ரீரங்கத்தில் இதைப் பார்த்திருந்தால் சம்பளத்தைப் பிடித்திருப்பார்கள்.

கேட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே நிரந்தரப் பதிவு வந்தது. மீனா கேசரி கிளறினாள். வைதேகி மேடத்துக்குச் சொன்னபோது, "குறை எழுதினதுக்கு வேலை குடுத்தாளா? நல்ல ஊர்தான் போங்கோ" என்று சிரித்தார். பள்ளி வராண்டா சுவரில் கறுப்புச் சாயம் அடித்து நீளமான கரும்பலகை ஆக்கியிருப்பதாகவும் சொன்னார்.

இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும்.

காட்டூர் கல்யாணத்தில் உறவினர் அத்தனை பேரும் நிலாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க இருக்கப் பிடிச்சிருக்கா, நம்ம ஊருக்கே வந்துடறியா?" ஒவ்வொரு முறையும் நான் முந்திக்கொண்டு, "அவளுக்கு அந்த ஊர்தாங்க பிடிச்சுப் போச்சு. இங்க வந்தா கொசு கடிக்குதும்பா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தேன். அந்த ஞாயிறு, சாப்பிட்டு முடித்துத் தட்டுகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வந்தது. மீனா உள்ளே பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிலா, உனக்கு எங்க இருக்கப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். வழக்கம்போல நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். நான் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். தட்டில் இருந்த ஒரு பருக்கையை விரலால் ஓரத்துக்குத் தள்ளினாள். நான் எண்ணவும் இல்லை.

"தெரியலப்பா" என்றாள் கடைசியில். "என்னை யாரும் கேட்டதில்லையே."

வேறு எதுவும் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன்.

அடுக்களையிலிருந்து மீனா, "என்ன ரெண்டு பேரும், சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"இரும்மா" என்றாள் நிலா. "பேசிட்டிருக்கோம்."